அப்பாவின் 72 பீட்டில்: துருவை வெட்டி எடுப்பதா, வண்டியையே விட்டுவிடுவதா?

ஆமைவண்டி72 எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 1972 ஃபோக்ஸ்வாகன் பீட்டில், முன்னால் பீம் ஆக்சில் உள்ள சாதாரண மாடல். அப்பா வாங்கிய வண்டி. நான் கிளட்ச் விடக் கற்றுக்கொண்டது இதில்தான். ஒவ்வொரு தடவை வண்டி குலுங்கி நின்றபோதும் அவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போன பிறகு 11 வருடமாக நான் ஓட்டுகிறேன். எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை. பிரச்சினை எல்லாம் அடியில்.

போன மாதம் மழைக்குப் பிறகு பின்பக்கம் வலது கால்மிதி ஈரமாக இருந்தது. தூக்கினேன். அடியில் ஒட்டியிருந்த தார் அட்டையும் கூடவே வந்தது, அதோடு கொஞ்சம் தகடும் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை; குனிந்தால் தரை தெரிகிறது. வலது கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கிறது. இடது பக்கமும் லேசாக இருக்கிறது. முன் மட்கார்டு ஓரம் இரண்டும் பழுப்பேறிவிட்டன.

இரண்டு பட்டறைகளில் காட்டினேன். ஒருவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மேலே தகடு வைத்து, பட்டி போட்டு, அடியில் கறுப்பு கோட் அடித்துத் தருகிறேன், நாலு நாள் போதும்" என்றார். இன்னொருவர் வண்டிக்கு அடியில் எட்டிக்கூடப் பார்க்காமல், உடம்பைத் தனியாகத் தூக்கி முழுசாகச் செய்யவேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை, வண்டியை நல்ல நிலையில் விற்றால் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா? அல்லது விட்டுவிடும் நேரம் வந்துவிட்டதா? வீட்டில் கேட்டால், "உன் இஷ்டம்" என்கிறார்கள். அந்த "உன் இஷ்டம்" எப்படிப்பட்டது என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கசப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை இது. 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வரும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் பீட்டில் செய்திருக்கிறார்கள். உலகத்தில் அதிகம் செய்யப்பட்ட கார்களில் ஒன்று. கிடைக்காத பொருள் இல்லை.

துரு இல்லாத இன்னொன்றைத் தேடி வாங்கி, இதில் உள்ள எஞ்சின், கதவு, சீட் எல்லாவற்றையும் அதில் மாட்டுங்கள். பெயிண்டுக்குச் செலவழித்தால் விற்கும்போது கொஞ்சமாவது திரும்பி வரும். கண்ணில் படாத இடத்தில் செய்த வெல்டிங்குக்கு யாரும் ஒரு பைசா கூடுதலாகத் தரமாட்டார்கள்.

தீப்பொறி எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. தொகையைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க உட்காராதீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியவில்லை, அந்த இரண்டு பட்டறைக்காரர்களுக்கும் தெரியவில்லை. நாலு நாள் என்றவரும் ஊகம், மூன்று மடங்கு என்றவரும் ஊகம். நான் 26 வருடமாக டிங்கர் வேலை செய்கிறேன். வெளியே நகம் அளவு கொப்புளம் என்றால் உள்ளே கை அளவு இருக்கும். காரணம் எளிது: பெரும்பாலும் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. இரும்பு துருவாகும்போது பருத்து அதிக இடத்தைப் பிடிக்கும், அதுதான் பெயிண்டைத் தள்ளுகிறது.

பீட்டிலில் எது எதைத் தாங்குகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு டன்னல். அதன் இரண்டு பக்கமும் தரைத்தகடு. இதன் மேல் உடம்பு சுற்றிலும் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. உடம்பின் அடிவிளிம்பு, அதாவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, அதுதான் ஹீட்டர் சேனல். எஞ்சினிலிருந்து சூடான காற்று அதன் வழியாக முன்னால் வருகிறது. பெயரைக் கேட்டு அதை வெறும் காற்றுக்குழாய் என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பை விறைப்பாகப் பிடித்திருப்பதே அதுதான்.

ஆகவே மட்கார்டு துரு ஒரு பொருட்டே இல்லை. போல்ட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தரைத்தகடு அதற்கு அடுத்தது. ஒரு பக்கத்துக்கு முழுத் தகடாகவே கிடைக்கிறது. ஹீட்டர் சேனல் போனால் வேலை கனம். டன்னலின் முன்முனையில் ஆக்சில் மாட்டியிருக்கும் பெட்டி அரித்திருந்தால், அப்போது கணக்குப்பிள்ளை சொல்வதை உட்கார்ந்து யோசிக்கவேண்டும். சக்கரமும் ஸ்டியரிங்கும் தொங்குவது அதில்தான்.

இந்த வாரம் இதைச் செய்யுங்கள். கால்மிதி, அட்டை எல்லாவற்றையும் எடுங்கள். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதன் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் முனையால் குத்துங்கள். தயங்காமல் குத்துங்கள், உங்கள் குத்தில் ஓட்டையாகும் தகடு ஏற்கெனவே ஓட்டைதான். அப்புறம் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவு அடி, சக்கர வளைவு எல்லாம் ஓட்டிப் பாருங்கள். எங்கே பிடிக்கவில்லையோ அங்கே தடியாகப் பட்டி இருக்கிறது.

கடைசியாக, கதவை மூடி அதன் இடைவெளியை மேலிருந்து கீழ்வரை அளந்து எழுதிவையுங்கள். பிறகு அந்தப் பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையைவிட்டு எழும்பும்வரை தூக்கி மறுபடியும் அளங்கள். இடைவெளி மாறினால் அந்தப் பக்கத்து ஹீட்டர் சேனல் தன் வேலையைச் செய்யவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள்.

மூன்றாம்கியர் எழுதியது:

நாலு நாள் பட்டறைக்குப் போகாதீர்கள். நான் போனேன்.

என் பழைய ஹேட்ச்பேக்கில் கதவுக்குக் கீழே இதே கொப்புளம்தான். ஒருவர் பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஓரத்தில் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து, மேலே பட்டி பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். பார்க்க அவ்வளவு அழகு. ஊரெல்லாம் காட்டினேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் அதே இடம் முன்பைவிடப் பெரிதாக உப்பியது. இந்தத் தடவை வேறொருவர் வெட்டிக் காட்டினார்: இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தேங்கி, பழையதும் போய்ப் புதியதும் போய், பட்டி மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. பூசி மெழுகுவது என்பார்களே, அதை நேரில் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை அண்ணாவுக்கு ஒரு சின்னத் தகவல். 1972 பிப்ரவரி 17 அன்றுதான் பீட்டில் ஃபோர்டு மாடல் டி-யின் ஒன்றரைக் கோடி சாதனையைத் தாண்டியது. இவர் வண்டி அந்த வருடத்துப் பிறப்பு. விலை கூடாது, தெரியும். சும்மா சொன்னேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதே தகவல் என் கட்சிக்கும் உதவும், தங்கச்சி. 1972-லேயே ஒன்றரைக் கோடி வண்டி!

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது வண்டியை முதலீடாகப் பார்த்தால். இவர் விற்கவே போவதில்லை என்றால் விற்பனை மதிப்போடு ஒப்பிடுவதே தப்பு. அப்போது கேள்வி வேறு: இந்தத் தொகை போனால் வீட்டுக்கு வலிக்குமா, வலிக்காதா? வலிக்கும் என்றால் செய்யாதீர்கள். வலிக்காது என்றால் நான் யார் கேட்க.

வெள்ளைப்புகை எழுதியது:

இவ்வளவு கவலை எதற்கு? துருவை மாற்றும் திரவம் கிடைக்கிறது. பிரஷ்ஷால் தடவினால் கறுப்பாகிவிடும், அதன் மேல் பெயிண்ட். நான் அப்படித்தான் செய்தேன், ஒரு வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

தீப்பொறி எழுதியது:

வெள்ளைப்புகை, அது பொய்யான சரக்கு இல்லை. டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். மேல்துருவோடு சேர்ந்து அதைக் கெட்டியான வேறு பொருளாக மாற்றும். தகடு முழுசாக இருந்து மேலே மட்டும் பழுப்பேறியிருந்தால் நானே பயன்படுத்துவேன். ஆனால் திரவம் தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும். செதில் செதிலாக அடுக்கு கட்டிய துருவில் மேலடுக்கு மட்டும் கறுக்கும், அடியில் அதுபாட்டுக்கு அரித்துக்கொண்டிருக்கும். ஓட்டையில் எதைத் தடவி என்ன மாறப்போகிறது?

கறுப்பு அண்டர்கோட்டும் அப்படித்தான். சுத்தமான தகட்டில் அடித்தால் காப்பு. துருவின் மேல் அடித்தால் போர்வை. எங்காவது ஒரு விரிசல் விழும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. பழைய வண்டி வாங்கப் போய் அடிப்பக்கம் புத்தம் புதுக் கறுப்பாக இருந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

நம் 72-க்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்துவைக்கவில்லை. போர்ஷே 911-க்கு 1976 மாடலிலிருந்து கொடுத்தார்கள். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும்.

மூன்றாம்கியர் எழுதியது:

பேசாமல் டிலோரியன் வாங்கச் சொல்லலாம், வெளித்தகடு முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு.

தீப்பொறி எழுதியது:

அதற்கும் அடியில் இருக்கும் சேசிஸ் சாதாரண இரும்பு, மேலே எபாக்சி பூச்சுதான். பூச்சு விட்ட இடத்தில் அரிக்கிறது. தப்பிக்க முடியாது அம்மா.

ஆமைவண்டி72 எழுதியது:

குத்திவிட்டேன். இரண்டு நாள் ஆனது. முதல் குத்து குத்தவே அரைமணி நேரம் யோசித்தேன்.

வலது தரைத்தகடு பின்பாதி அநேகமாக இல்லை. பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் வலது பக்கம்தானே, அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறது. வலது ஹீட்டர் சேனலின் அடிவிளிம்பில் ஸ்க்ரூடிரைவர் ஒன்பது இடத்தில் உள்ளே போனது. ஃபுட்போர்டு போல்ட் இரண்டு, நட்டோடு சேர்ந்து சுற்றுகின்றன. ஜாக்கி வைத்துத் தூக்கியபோது கதவின் மேல் இடைவெளி 3 மில்லிமீட்டர் குறைந்தது. இறக்கும்வரை கதவு திறக்கவே இல்லை. அந்த நேரத்தில் வயிறு கலங்கியது, மறைக்கவில்லை.

இடது பக்கம் தட்டினால் கணீரென்றுதான் கேட்கிறது. கொப்புளம் மேலோடு சரி. கம்பி பிரஷ் போட்டதும் வெள்ளைத் தகடு வந்தது. முன்னால் ஆக்சில் பெட்டியை விளக்கு வைத்து, சின்னக் கேமரா விட்டுப் பார்த்தேன். மண் நிறைய, துரு மெல்லிசு, எங்கும் குத்து இறங்கவில்லை.

தீப்பொறி எழுதியது:

அப்படியென்றால் வண்டி பிழைத்தது. ஒரு பக்கம் போயிருக்கிறது, முதுகெலும்பு நிற்கிறது. உடம்பைத் தனியாகத் தூக்கவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால் ஹீட்டர் சேனல் மாற்றும்போது உடம்பு அடித்தகட்டோடு போல்ட்டில் இருப்பதுதான் நல்லது, அதுதான் அளவைப் பிடித்துவைக்கும்.

ஆனால் அதுவரை ஓட்டாதீர்கள். கதவு இறுகியது சின்ன விஷயம் இல்லை. சீட்பெல்ட்டின் கீழ்ப்பிடி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்; அதைச் சுற்றியுள்ள தகடு அரித்திருந்தால் பெல்ட் இருந்தும் பயனில்லை. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட்பெல்ட் பிடிமானங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தகட்டின் பலம் குறையும் அளவுக்குத் துரு இருந்தால் வண்டி தேறாது. எங்கே ஓட்டுபவராக இருந்தாலும் அந்த 30 சென்டிமீட்டரை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

யாரிடம் கொடுத்தாலும் இதை எல்லாம் கேளுங்கள். கதவு வாசலுக்குக் குறுக்கே தற்காலிகக் கம்பி வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் சேனலை வெட்டுவாரா? "அதெல்லாம் வேண்டாம்" என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்டின பிறகு உடம்பு தொய்ந்தால் கதவு ஜென்மத்துக்கும் சேராது. நல்ல தகடு தெரியும்வரை வெட்டுவாரா, இல்லை பழையதன் மேல் வைப்பாரா? நீளமாக ஒரே ஓட்டமாக இழுக்காமல் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று சூடு ஆற விட்டுச் செய்வாரா? மெல்லிய தகடு, ஒரே மூச்சில் இழுத்தால் நெளிந்துவிடும்.

ரொம்ப முக்கியம்: பெட்ரோல் குழாய் அந்த டன்னலுக்குள்தான் ஓடுகிறது. டேங்க் முன்னால், எஞ்சின் பின்னால், வேறு வழி இல்லை. தரைத்தகட்டைச் சேர்க்கும் வெல்டிங் டன்னல் ஓரத்திலேயே வரும். பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, குழாயையும் காலி செய்யாமல் தீப்பொறி படவே கூடாது. பேட்டரியையும் கழற்றுங்கள். தார் அட்டையைச் சுற்றிலும் சுரண்டி எடுக்கவேண்டும். அது பற்றிக்கொண்டால் அணைப்பது கஷ்டம். ஒரு வண்டி என் கண் முன்னால் எரிந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

ஓரமாய்_ஒருவன் எழுதியது:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன், ஏனென்றால் நான் எடுத்தது அந்த வழி.

என்னிடமும் ஒரு பழைய கார் இருந்தது, இப்படித்தான் ஒரு பக்கம் அரித்தது. செய்யப் பணம் இல்லை, விற்க மனம் இல்லை. பிளாஸ்டிக் உறை போட்டுக் கொட்டகையில் நிறுத்தினேன். ஆறு வருடம். ஓடாத வண்டிக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். உறைக்குள் தரையிலிருந்து ஈரம் ஏறி, வெளியே போக வழியில்லாமல் வண்டி உள்ளுக்குள்ளேயே வியர்த்திருக்கிறது. உறையை எடுத்தபோது கூரையின் உள்பக்கம்கூடப் பழுப்பு. ஓட்டிக்கொண்டே இருந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது. கடைசியில் எடைக்குப் போட்டேன். ஸ்டியரிங் மட்டும் வைத்திருக்கிறேன்.

நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் கால்மிதி, பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, காற்று புகும் துணி உறை போடுங்கள். ஒரு தேதியும் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் தேதி இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதைப் படித்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஐயா.

ஆமைவண்டி72 எழுதியது:

முடிவு எடுத்துவிட்டேன், அரைகுறையான முடிவுதான். வலது தரைத்தகடு முழுசாக, வலது ஹீட்டர் சேனல் முழுசாக. இடது பக்கம் சுத்தம் செய்து எபாக்சி பிரைமர் மட்டும். பெயிண்ட் கிடையாது. மட்கார்டு அப்படியே இருக்கட்டும். பார்க்க அழகாக்குவது இல்லை, கீழே விழாமல் ஓடவேண்டும், அவ்வளவுதான். இப்படி வெட்டிச் சுருக்கியதில் மூன்று மடங்கு ஒரு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. வீட்டில் இந்தக் கணக்கைக் காட்டினேன். அதே "உன் இஷ்டம்", ஆனால் இந்தத் தடவை குரல் வேறு.

குறுக்குக் கம்பியைப் பற்றி நான் கேட்கும் முன்பே தானாகச் சொன்ன ஒருவர் கிடைத்திருக்கிறார். மெதுவாகத்தான் செய்வேன், அவசரம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றார். சரி என்றேன்.

தீப்பொறி எழுதியது:

நல்ல ஆள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும், தயாராக இருங்கள். சொன்ன தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் முடிந்து பிரைமரும் காய்ந்த பிறகு, மூடிய இடுக்குகளுக்குள் மெழுகு தெளிக்கச் சொல்லுங்கள். ஹீட்டர் காற்று போகும் குழாய்க்குள் மட்டும் அது போகக்கூடாது, பிறகு ஹீட்டர் போடும்போதெல்லாம் மெழுகு வாடைதான். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளையும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? பேட்டரி அமிலம் அரிக்கும், ஆனால் கால்மிதியை நனைக்காது.

ஆமைவண்டி72 எழுதியது:

ஐந்து மாதம் கழித்து வருகிறேன்.

தண்ணீர் பின்கண்ணாடி ரப்பர் வழியாக வந்திருக்கிறது. வெறும் ரப்பர். அதை முதலில் மாற்றினோம்.

பூதமும் வந்தது. வலது தகட்டை வெட்டியபோது பேட்டரிக்குக் கீழே ஒரு பழைய ஒட்டு. வெல்டிங் இல்லை, ரிவெட் அடித்து, சுற்றிலும் தார் பூசியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் எஞ்சின் ஆயில் டப்பாவை வெட்டி விரித்த தகரம். பாதி எழுத்து இன்னும் தெரிகிறது. அப்பா வேலைதான். ரிவெட் ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில், அளவெடுத்து அடித்த மாதிரி. டிங்கர் அண்ணன் அதைத் திருப்பிக் காட்டினார்: அந்தத் தகரத்துக்கும் அசல் தகட்டுக்கும் நடுவில்தான் அத்தனை வருட ஈரமும் தேங்கியிருக்கிறது. அங்கிருந்துதான் சேனலுக்குப் பரவியிருக்கிறது. மூன்றாம்கியர் சொன்ன அதே கதை. "உங்க அப்பா நல்லாத்தான் செஞ்சிருக்கார், வெட்டாம ஒட்டிட்டார்" என்றார். அந்தத் தகரத்தை எறியவேண்டாம் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்போது ஜாக்கி வைத்துத் தூக்கினாலும் கதவு இடைவெளி அசையவில்லை. மூன்று தடவை அளந்தேன். புதுத் தரைத்தகடு கடையில் வாங்கியது, ஓரம் சரியாக உட்காராமல் இரண்டு நாள் தட்டிச் சரிசெய்யவேண்டியிருந்தது. அதனால் தொகை கொஞ்சம் ஏறியது. தீப்பொறி அண்ணன் சொன்ன மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிட்டது. மட்கார்டு இன்னும் பழுப்புதான்.

ஒரு உதவி வேண்டும். பேட்டரிக்கு மேலே போடும் மூடி என் வண்டியில் காணவில்லை. பின்சீட் ஸ்பிரிங் அழுந்தினால் பேட்டரி முனையில் பட்டுத் தீப்பிடிக்கும் என்று படித்ததிலிருந்து பின்னால் யாரையும் உட்காரவைக்கவில்லை. யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாம்கியர் எழுதியது:

என்னிடம் இல்லை. ஆனால் கெட்டியான ரப்பர் பாயை அளவாக வெட்டி, பட்டையால் இழுத்துக் கட்டிச் சமாளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடி கிடைக்கும்வரை அப்படிச் செய்யுங்கள். அந்தத் தகரத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்களேன்.